கூலி நின்ற வீட்டில் இலவச வைத்தியம்

செட்டிநாட்டு ஆத்தங்குடிப் பக்கம் யாருக்காவது பெரிய நோய் என்று தெரியவந்தால், ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றையேதான் சொல்கிறார்கள்: "மொதல்ல உடம்பைப் பாருங்கண்ணே. வேலை எங்க போயிரப் போகுது? சுவர் இருந்தாத்தான் சித்திரம்." அதோடு இன்னொன்றும் வரும்: "காப்பீட்டு அட்டை இருக்குல்ல? வைத்தியமெல்லாம் இலவசம். காசப் பத்தி யோசிக்காதீங்க." நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். மருத்துவர்களும் இதையே சொல்கிறார்கள், அதிகாரிகளும் இதையே சொல்கிறார்கள், மேடையில் பேசுகிறவர்களும் இதையே சொல்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்டு இது மறுக்க முடியாத உண்மைபோல ஊரில் உட்கார்ந்துவிட்டது.

இதை நான் மறுக்கிறேன். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வீட்டில் மட்டும் பொருந்தும் ஆறுதல் இது. அன்றாடக் கூலியில் அடுப்பெரியும் வீட்டில், வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் வைத்தியத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் ஒன்றுதான். கூலி நின்றால் சில வாரங்களில் வைத்தியமும் நிற்கிறது. நோய்க்காலக் கூலியை மருந்து, ஊசி, அறுவை சிகிச்சை இவற்றோடு சேர்த்து வைத்தியத்தின் ஒரு பாகமாக எண்ணாத எந்தத் திட்டமும் பாதித் திட்டமே.

ஊரின் தொழிலிலிருந்தே தொடங்குகிறேன். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் சூளையில் வேகிற கல் அல்ல. கண்ணாடிப் பலகையின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூவின் வடிவுள்ள அச்சை இறக்கி, சிமெண்டோடு கரைத்த நிறங்களைக் கட்டம் கட்டமாக ஊற்றுவார்கள். அச்சை அலுங்காமல் தூக்கியபின் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதன்மேல் ஈரக் கலவை போட்டு மட்டம் தட்டி, காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் நாட்கணக்கில் ஊறவிடுவார்கள். அதன்பின் கண்ணாடியைக் கழற்றினால் கல்லின் முகத்தில் அந்தப் பளபளப்பு நிற்கும். எல்லாம் கைவேலை. நிறம் ஊற்றும் கை நடுங்கினால் சிவப்பு பச்சைக்குள் ஓடிப் பூ கெட்டுவிடும். கூலியும் பெரும்பாலும் போட்ட கல்லின் கணக்குக்குத்தான். போடாத கல்லுக்குக் கூலி இல்லை. பட்டறையில் ஐந்தாறு பேர் இருப்பார்கள். மருத்துவ விடுப்பு, சம்பளத்தோடு விடுமுறை என்ற பேச்சே அங்கே கிடையாது.

இப்படி ஒருவருக்குப் புற்றுநோய் என்று வைத்துக்கொள்வோம். நான் பெயர் சொல்லப்போவதில்லை; கணக்கு மட்டும் போட்டுப் பார்க்கிறேன். மதுரைக்குப் போய்க் கதிர்வீச்சு எடுக்க வேண்டும் என்கிறார்கள். பல புற்றுநோய்களுக்குக் கதிர்வீச்சு என்பது வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்தாறு வாரம். ஒரு தடவை மேசையில் படுத்திருப்பது சில நிமிடந்தான். ஆனால் அந்தச் சில நிமிடத்துக்காக ஆத்தங்குடியிலிருந்து காரைக்குடி, அங்கிருந்து மதுரை, மறுபடி திரும்பல் என்று பகல் முழுவதும் போய்விடும். இல்லையென்றால் மதுரையிலேயே எங்காவது தங்க வேண்டும். நாளுக்கு 600 ரூபாய் சம்பாதிக்கிறவர், வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றால், ஆறு வாரத்தில் 21,600 ரூபாய் போகிறது. அவர் தனியாகப் போக முடியாது. மனைவியோ மகனோ கூடப் போவார். அந்தக் கூலியும் போகிறது. ஒரு நோயாளிக்கு இரண்டு கூலி நிற்கிறது என்ற எளிய கணக்கை எந்த அட்டையும் பார்ப்பதில்லை. கதிர்வீச்சுக்கு முன்னாலோ பின்னாலோ கீமோ இருந்தால், பல இடங்களில் 21 நாளுக்கு ஒருமுறை, ஆறு சுற்று. அது மட்டும் நான்கு மாதம். அறுவை சிகிச்சையும் சேர்ந்தால் முக்கால் வருடம் ஓடிவிடும்.

அதற்குப் பிறகும் கணக்கு முடிவதில்லை. பாக்லிடாக்சல், ஆக்சாலிபிளாட்டின் போன்ற கீமோ மருந்துகள் விரல் நுனி நரம்புகளைப் பாதிப்பதுண்டு. மரத்துப்போகும், எரியும், சிறிய பொருளைப் பிடித்தால் பிடித்தது தெரியாது. வைத்தியம் முடிந்த பிறகும் இது மாதக்கணக்கில் நீடிக்கலாம். கணினி முன்னால் உட்காருகிறவர் எப்படியோ சமாளித்துவிடுவார். அச்சுக்குள் நிறம் ஊற்றுகிறவருக்கு விரல்தான் பிழைப்பு. மருத்துவமனை ஏட்டில் அவர் குணமானவர், பட்டறையில் அவர் வேலைக்கு ஆகாதவர். சிறுநீரகம் பழுதானவருக்கு டயாலிசிஸ் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். அதற்காக ரத்தக்குழாயை இணைத்துத் தைத்திருக்கும் கையால் பாரம் தூக்கக்கூடாது. தொட்டியிலிருந்து கல்லை எடுத்து அடுக்குவதே வேலையாக இருக்கிறவருக்கு இந்த அறிவுரை எவ்வளவு பெரிய தீர்ப்பு என்பது டயாலிசிஸ் அறையில் யாருக்கும் உறைப்பதில்லை.

காப்பீட்டு அட்டையை நான் குறைத்துப் பேசவில்லை. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு தரும் திட்டமாக அது வளர்ந்தது. வருமான வரம்பும் 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ஆக உயர்ந்தது. இந்த அட்டை இல்லாவிட்டால் நிலத்தை விற்றிருப்போம் என்று சொல்லும் குடும்பங்கள் சிவகங்கை மாவட்டத்தில் ஊருக்கு ஊர் உண்டு. அவர்கள் சொல்வது உண்மை. ஆனால் அந்த 5 லட்சத்தில் ஒரு ரூபாய்கூட நோயாளியின் வீட்டு வாசலை மிதிப்பதில்லை. முழுவதும் மருத்துவமனைக் கணக்குக்குப் போகிறது. அதில் தவறும் இல்லை, திட்டத்தின் நோக்கம் அதுதான். தவறு, அந்த அட்டையைக் காட்டி "இனி உனக்கு என்ன கவலை" என்று கேட்பதில் இருக்கிறது. அரிசி, பால், வாடகை, பிள்ளையின் ஆட்டோ, மகளிர் குழுக் கடனின் வாரத் தவணை இவற்றுக்கெல்லாம் அந்த அட்டையில் இடமில்லை. குழுத் தவணைக்காரர் செவ்வாய்க்கிழமை வந்து நிற்பார். அவரிடம் காப்பீட்டு அட்டையை நீட்ட முடியுமா?

அப்படித் தவணைக்காரர் வந்து நிற்கிறபோது என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். நோயாளி மூன்றாவது கீமோவுக்குப் போகாமல் ஒரு வாரம் பட்டறைக்குப் போவார். காசநோய் மாத்திரை ஆறு மாதம் சாப்பிட வேண்டியதை, இருமல் நின்ற இரண்டாம் மாதத்தில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடுவார். பாதியில் விட்ட காசநோய் மருந்துக்கு அடங்காத காசநோயாகத் திரும்பி வரலாம். அதற்கு வைத்தியம் இன்னும் சிக்கல், செலவும் பல மடங்கு. இதை மருத்துவமனை ஏட்டில் "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று எழுதி முடித்துவிடுவார்கள். அவருடைய அறியாமை, அலட்சியம் என்று வகுப்பு எடுப்பார்கள். அவருக்கு அறிவு இருக்கிறது. கையில் அந்த வாரத்துக்கான 3,600 ரூபாய்தான் இல்லை. அரசு லட்சக்கணக்கில் செலவழித்த வைத்தியம் 3,600 ரூபாய் இல்லாததால் வீணாகிறது என்றால், சிக்கனம் என்ற பெயரில் இதைவிடப் பெரிய ஊதாரித்தனம் வேறு என்ன இருக்கிறது?

அடுத்தது, "வேலை எங்க போயிரப் போகுது?" என்பது. வேலை போகத்தான் செய்கிறது, நெடுங்காலம் சட்டத்தின் துணையோடே போனது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம், ஆட்குறைப்பு என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலேயே ஒரு விலக்கு வைத்திருந்தது: தொடர்ந்த உடல்நலக் குறைவைக் காரணம் காட்டித் தொழிலாளியை நீக்கினால் அது ஆட்குறைப்பு ஆகாது. ஆட்குறைப்பு ஆகாததால் அதற்கான இழப்பீடும் இல்லாமல் போனது. சந்தை சரியில்லை என்று நீக்கப்பட்டவருக்குக் கிடைத்த தொகைகூட, நோயில் விழுந்தார் என்று நீக்கப்பட்டவருக்குக் கிடைக்கவில்லை. பல பத்தாண்டுகள் இந்தத் தொழில் சட்டம் இப்படித்தான் நின்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பணிக்காலத்தில் உடற்குறை ஏற்பட்டவரை நீக்கக்கூடாது, பதவியைக் குறைக்கக்கூடாது, பழைய வேலை முடியாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு வேலை தர வேண்டும் என்று அழகாகச் சொல்கிறது. ஆனால் அது அரசு நிறுவனங்களுக்கு மட்டும். அந்தச் சட்டத்தின் 21 வகைக் குறைபாடுகளில் புற்றுநோய் இல்லை. ஆத்தங்குடிப் பட்டறைத் தொழிலாளிக்கு இதில் ஒரு வரியும் பயன்படாது.

சட்டம் வேறு மாதிரியும் இருக்க முடியும் என்பதற்குச் சாட்சி நம் நாட்டிலேயே இருக்கிறது. பி.பி. அதார்கர் தொழிலாளர் நோய்க் காப்பீடு பற்றி 1944இல் அளித்த அறிக்கையை அடியொற்றி 1948இல் இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது, 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டில்லியிலும் நடைமுறைக்கு வந்தது. அதன் அருமை அதன் மருத்துவமனையில் மட்டும் இல்லை. நோய் என்று மருத்துவர் சான்று தந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் பணமாகக் கிடைக்கும். புற்றுநோய், காசநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு, இரண்டாண்டுப் பணி போன்ற நிபந்தனைகளோடு, கூலியில் 80 சதவீதம் இரண்டு ஆண்டு வரை கிடைக்கும். அதைவிட முக்கியமானது அந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு. நோய்ப் பணம் பெறும் காலத்தில் தொழிலாளியை வேலைநீக்கம் செய்யவோ தண்டிக்கவோ கூடாது, அப்படித் தரும் நீக்க அறிவிப்பு செல்லாது என்று அது எழுதியது. கூலியும் வேலையும் வைத்தியத்தின் பாகங்கள் என்று நான் சொல்வது புதிய கண்டுபிடிப்பு அல்ல. சுதந்திரம் அடைந்த மறு வருடமே இந்த நாடு அதை ஒப்புக்கொண்டுவிட்டது. ஒப்புக்கொண்டதைப் பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்தோடு நிறுத்திக்கொண்டதுதான் குறை. பத்து ஆளுக்கு ஒரு தலை குறைந்தால் புற்றுநோய் வலி குறையுமா?

இங்கே, இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காரைக்குடிக் கடைகளிலும் ஆலைகளிலும், திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கும் நம்மூர்ப் பிள்ளைகளை நினைத்துச் சொல்கிறேன். "உடம்பைப் பார்" என்ற அறிவுரையைக் கேட்டு, முதலாளி மனம் கோணக்கூடாது என்று, நோய் தெரிந்த வாரமே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வருகிறார்கள். அந்த ஒரு தாள் எத்தனை கதவை அடைக்கிறது தெரியுமா? வேலையில் இருந்தால் மட்டுமே கிடைக்கும் நோய்ப் பணம் போகிறது. இரண்டு ஆண்டு வரை வந்திருக்கக்கூடிய 80 சதவீதம் போகிறது. வேலைநீக்கத்தை எதிர்த்து வாதாடும் வழியும் போகிறது, ஏனென்றால் யாரும் நீக்கவில்லை, அவரே விலகினார். கிராஜுவிட்டிக்கு ஐந்தாண்டுப் பணி வேண்டும் என்பது பொது விதி. ஆனால் நோயாலோ விபத்தாலோ உடல் முடங்கி வேலை முடிந்துபோனால் அந்த ஐந்தாண்டுக் கணக்கு பார்க்கப்படுவதில்லை. சும்மா "சொந்தக் காரணம்" என்று எழுதி விலகியவருக்கு அதையும் கேட்க வழியில்லை. ஆகவே ராஜினாமா எழுதாதீர்கள். மருத்துவச் சான்றோடு விடுப்புக் கடிதம் எழுதுங்கள், நகலில் தேதியோடு கையொப்பம் வாங்கி வையுங்கள். வருங்கால வைப்பு நிதியில் நோய்ச் செலவுக்கு முன்பணம் எடுக்க வழி உண்டு. கந்துவட்டிக்குப் போகுமுன் அதைக் கேளுங்கள். "வேலை கிடக்கட்டும்" என்று சொன்ன உறவினர் யாரும் இந்தப் பணத்தைத் திருப்பித் தரப் போவதில்லை.

"ஊரு கைவிடாதுப்பா. செட்டியார் பாத்துக்குவார்" என்று இன்னொரு பதில் வரும். செட்டிநாட்டில் இதை லேசாக மறுக்க முடியாது. கல்விக்கும் கோயிலுக்கும் சத்திரத்துக்கும் இந்த மண் கொடுத்தது கொஞ்சமா? பல பட்டறை முதலாளிகள் நோய்வாய்ப்பட்ட ஆளுக்கு முன்பணம் கொடுப்பதும் உண்மை. ஆனால் முன்பணம் என்பது கடன். உடம்பு தேறித் திரும்பி வருகிறவர் அந்தக் கடனைக் கல் போட்டுக் கழிக்க வேண்டும். தேறாவிட்டால் அது மகன் தலையில் ஏறும். கடனோடு திரும்பி வருகிறவர் கூலி உயர்வு கேட்க மாட்டார், வேறு பட்டறைக்குப் போக மாட்டார், உடம்பு முடியாத அன்றும் முடியாது என்று சொல்ல மாட்டார். அதைக் கருணை என்று சொல்லி நன்றியோடு நிற்க வேண்டிய நிலையும் சேர்ந்துகொள்கிறது.

அதோடு, நகரத்தார் எனப்படும் இந்தச் செட்டியார்கள் தங்கள் அறத்தை ஒருநாளும் இப்படி மனம்போன போக்கில் விட்டதில்லை. கோயில் திருப்பணியா, காசிச் சத்திரமா, வேதபாடசாலையா, எதற்கும் மகமை வைத்தார்கள். வியாபாரத்தில் இவ்வளவுக்கு இவ்வளவு என்று நிர்ணயித்து, நல்ல வருடம் கெட்ட வருடம் பார்க்காமல் எடுத்து வைத்து, கணக்கு எழுதி, நிர்வாகம் செய்தார்கள். 1863இல் தொடங்கிய காசி நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம் இன்றும் நிற்பதற்கு யாரோ ஒருவரின் இளகிய மனம் மட்டும் காரணம் அல்ல, ஒழுங்கான பங்களிப்பும் கணக்கும் காரணம். கடவுளுக்கு உரியதைக் கருணையை நம்பி விடாமல் மகமையாக வைத்த ஊர், கல் போடும் ஆளின் நோய்க்காலக் கூலியை மட்டும் கருணையை நம்பி விடுவது எப்படி நியாயம்? காப்பீடு என்பது என்ன? ஆள் நன்றாக இருக்கும்போது எடுத்து வைப்பது, விழும்போது கையேந்தாமல் பெறுவது. இதை இந்த மண்ணுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பணம் கொடுத்தால் நோய் என்று பொய் சொல்லிப் படுத்துக்கொள்வார்கள் என்ற சந்தேகத்தைப் படித்தவர்கள்தான் அதிகம் எழுப்புகிறார்கள். இதற்கு நீளமான பதில் தேவையில்லை. 70 சதவீதக் கூலிக்காக யாரும் தலைமுடி கொட்டும் மருந்தை ஏற்றிக்கொள்வதில்லை, கையில் குழாய் தைத்துக்கொள்வதும் இல்லை. திசுப் பரிசோதனை அறிக்கையும் டயாலிசிஸ் பதிவேடும் எல்லாம் மருத்துவமனையில் இருக்கின்றன. கூலி கிடைப்பதால் நோயாளி கொஞ்சம் கூடுதலாக ஓய்வெடுப்பார் என்றால், அவர் எடுக்க வேண்டிய ஓய்வைத்தான் எடுக்கிறார். மாதச் சம்பளக்காரர் மருத்துவ விடுப்பு எடுக்கும்போது இந்தச் சந்தேகத்தை யாரும் அவர் முகத்துக்கு எதிரே கேட்பதில்லை.

அரசிடம் பணம் இல்லை, உழைக்காத நாளுக்குக் கூலி கொடுப்பது வழக்கமில்லை என்று சொல்வார்கள். வழக்கம் இருக்கிறது, தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அந்த நாட்களுக்கு மீனவக் குடும்பத்துக்கு அரசு உதவித்தொகை தருகிறது. 2023இல் அது 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்தப்பட்டது. போதுமா என்பது வேறு கேள்வி. உழைக்க முடியாத காலத்துக்கு அரசு கொடுக்கலாம் என்ற கொள்கை அதில் ஏற்கப்பட்டிருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் ஏழைக் கர்ப்பிணிக்கு 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி தருகிறது. சத்துணவோடு கர்ப்ப காலத்தில் இழக்கும் வருமானத்தை ஈடுகட்டுவதும் அதன் நோக்கம். முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் காசநோய், புற்றுநோய் போன்ற நோய்க்காலத்துக்கு மாதம் 1,000 ரூபாய் என்று ஒரு பிரிவே இருக்கிறது. ஆயிரம் ரூபாய், இரண்டு நாள் கூலிகூட முழுதாகத் தேறாது. அதுவும் வயலில் உழைப்பவருக்கு உண்டு, பட்டறையில் உழைப்பவருக்கு இல்லை. நலவாரியத்தில் பதிந்த தொழிலாளிக்குப் பிள்ளை படிப்புக்கு உதவி உண்டு, திருமணத்துக்கு உண்டு, இறந்தால் உண்டு. நோயில் விழுந்து, உயிரோடு இருந்து, மீண்டு வேலைக்கு வர நினைக்கும் அந்த ஆறு எட்டு மாதத்துக்கான கூலிக்குத்தான் வழியில்லை.

பக்கத்து மாநிலம் செய்து காட்டியது. ஆந்திராவில் 2019 டிசம்பரில் ஆரோக்கிய ஆசரா என்ற திட்டம் தொடங்கப்பட்டது. அரசுக் காப்பீட்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு, மருத்துவர் குறித்த ஓய்வு நாட்களுக்கு, நாளுக்கு 225 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 5,000 ரூபாய். புதிய அலுவலகம், புதிய அட்டை எதுவும் வேண்டியிருக்கவில்லை. சிகிச்சைக்கான காப்பீட்டுப் பதிவிலிருந்தே ஓய்வு நாள் தெரிந்தது, பணம் வங்கிக் கணக்குக்குப் போனது. தமிழ்நாட்டின் காப்பீட்டுத் திட்டத்திலும் அதே பதிவு இருக்கிறது, அதே வங்கிக் கணக்கு இருக்கிறது. நான் கேட்பது இதைத்தான்: மருத்துவமனைக்குப் பணம் போகும் அதே கோப்பில், வீட்டுக்கும் ஒரு வரி சேருங்கள். அறுவை சிகிச்சையோடு நிறுத்தாமல் கீமோ, கதிர்வீச்சு, டயாலிசிஸ், காசநோய் மருந்துக் காலத்துக்கும் கொடுங்கள். தொகை மாநிலக் குறைந்தபட்சக் கூலியில் பாதிக்குக் குறையக்கூடாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1952இல் வகுத்த சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கையே நோய்க்கால உதவிக்குக் கூலியில் குறைந்தது 45 சதவீதம் என்று வரையறுத்தது. அதற்கும் முன்னால், 1883இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் கொண்டுவந்த நோய்க் காப்பீடு மருந்தோடு பாதிக் கூலியையும் 13 வாரம் வரை தந்தது. நோய்க் காப்பீடு என்ற ஏற்பாடே கூலியோடு சேர்ந்துதான் பிறந்தது. நாம் அதிலிருந்து மருத்துவமனையை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டு, இதுதான் முழுக் காப்பீடு என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கடைசியாகப் பட்டறை முதலாளிகளிடம். "நாங்களே சின்னப் பட்டறை, எங்களால தாங்காது" என்று நீங்கள் சொல்வதை நான் பொய் என்று சொல்லவில்லை. தனியாகத் தாங்க முடியாதுதான். தாங்க வேண்டியதும் இல்லை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில், பத்துப் பேருக்குக் குறைவான இடமும் முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளர்களும் ஒப்புக்கொண்டால் இ.எஸ்.ஐ.யில் சேரலாம் என்று வழி இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். மாதம் 12,000 ரூபாய் கூலி பெறும் ஒருவருக்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம், அதாவது 390 ரூபாய். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், 90 ரூபாய். இரண்டும் சேர்ந்து 480. அவர் நோயில் விழுந்தால் மாதம் சுமார் 8,400 ரூபாய் அவர் வீட்டுக்கு வரும். நீண்டகால நோயென்றால் சுமார் 9,600. அது உங்கள் பெட்டியிலிருந்து போவதில்லை. நீங்கள் முன்பணம் கொடுக்க வேண்டியதில்லை, அவர் உங்களுக்குக் கடன்பட வேண்டியதில்லை. கல் கணக்குக் கூலியில் மாதக் கூலி ஏறி இறங்கும் என்பது உண்மை. கூலிப் பேரேடு ஒழுங்காக எழுதப்பட வேண்டும், அது வேலைதான். இன்று மும்பையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கட்டடக் கலைஞர்கள் உங்கள் கல்லைத் தேடி வருகிறார்கள். சொன்ன தேதிக்குச் சரக்குப் போகாவிட்டால் ஆர்டர் போகிறது. நிறம் கலக்காமல் ஊற்றத் தெரிந்த ஒரு கையைப் பழக்க எத்தனை காலம் பிடிக்கும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். அந்தக் கையை ஆறு மாத நோய்க்காக நிரந்தரமாக இழப்பதைவிட 390 ரூபாய் அதிகச் செலவா?

அவர் திரும்பி வரும்போது விரல் மரத்திருந்தால், அச்சு வேலையைக் கொஞ்ச நாள் ஒத்திவைத்துவிட்டு வேறு வேலை கொடுக்கலாம். நிறம் கலந்து கொடுப்பது, காய்ந்த கல்லைப் பார்த்துப் பழுதைப் பிரிப்பது, வந்த ஆர்டருக்குக் கணக்கு எழுதுவது, புதிதாக வந்த பையனுக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் பட்டறையில் நடக்கும் வேலைகள்தான். டயாலிசிஸ் நாள் போக மீதி நாள் அவர் வரட்டும். அரசு அலுவலகத்தில் சட்டம் கட்டாயப்படுத்துவதைப் பட்டறையில் ஒரு பேச்சில் முடிவு செய்துவிடலாம். ஆனால் அந்தப் பேச்சு நோய் வந்தபின் கட்டிலோரத்தில் நடக்கும் பேச்சாக இருக்கக்கூடாது. ஆள் திடமாக இருக்கும்போதே, கூலி பேசும் அன்றே, இதையும் சேர்த்துப் பேசி எழுதி வைக்க வேண்டும். அடுத்த தடவை ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்கப் போகிறவர்கள், அட்டை இருக்கிறதா என்று கேட்பதோடு, பட்டறையில் என்ன சொன்னார்கள், விடுப்புக் கடிதம் கொடுத்தாயிற்றா, இந்த வாரம் கூலி வந்ததா என்றும் கேட்கட்டும்.